ஏழாம் நம்பர் பெட்டி

நானா,

நேற்று ஆபீசில் என் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. பொத்தானை அமுக்கினால் மூன்று தடவை கீச்சென்று கத்திவிட்டு அடங்கிப்போனது. கீழ்த்தளத்திலிருந்து வந்த பெண் பெட்டியைச் சாய்த்து, மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து மெமரியை உருவினாள். என் மேஜையில் கிடந்த பென்சில் ரப்பரை எடுத்து அதன் ஓரத்தை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள். ரப்பர் சூடாகும்போது ஒரு வாசனை வருமே, அது வந்தது. அவள் சரிசெய்துவிட்டுப் போய் அரை மணி நேரம் ஆகியும் நான் திரையைப் பார்த்தபடி ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் ரப்பரைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பீர்கள். ஸ்க்ரூ டிரைவரை யாரிடமாவது இரவல் கேட்பீர்கள், ரப்பரை மட்டும் யாருக்கும் தரமாட்டீர்கள். "பாதி வியாதி அழுக்குதாங்கனி. தொடச்சா எந்திரிச்சிரும்" என்பீர்கள். மீதிப் பாதி வியாதி எங்கள் சங்கம் என்பது அப்போது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நீங்கள் மவுத்தான சேதி எனக்கு நாற்பது நாள் கழித்துத்தான் வந்தது. அதுவும் யாரோ யாரிடமோ சொன்னதை மிளகு ஏற்றுமதிக்காரர் ஒருவர் காய்கறிக் கடையில் வைத்துச் சொன்னார். ஒரே ஊர், நடுவில் ஒரு பாலம். எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கோபப்படக்கூட எனக்கு வாயில்லை.

உங்களை முதலில் பார்த்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, சிரிக்க எனக்கு அருகதை இல்லை என்றாலும். பெரம்பூரிலிருந்து செருப்புக் கம்பெனி வேலைக்கு வியட்நாம் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. அறையில் இருந்த டேப் ரெக்கார்டர் நாடாவைத் தின்ன ஆரம்பித்ததால் பாலத்துக்கு அந்தப்புறம் கான் ஹொய்யில் இருந்த உங்கள் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். கடை என்றால் ஒரு ஆள் திரும்ப முடியாத இடம், மேலே முழுக்கத் தொங்கும் ஒயர்கள். எனக்குத் தெரிந்த பத்து வியட்நாமியச் சொல்லையும் போட்டு, கையைக் காலை ஆட்டி, நாடா எப்படிச் சிக்குகிறது என்று நடித்துக் காட்டினேன். நீங்கள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் முழுசாகப் பார்த்தீர்கள். நான் முடித்ததும், "தமிழ்லயே சொல்லுங்க, ஏன் கஷ்டப்படுறீங்க" என்றீர்கள்.

நான் உங்களை "பாய்" என்றேன். எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். "எங்க ஊருல மூத்தவங்கள நானாம்பாங்க. அப்புடிக் கூப்புடுங்க" என்றீர்கள். எங்க ஊரு என்று நீங்கள் சொன்ன காரைக்காலை நீங்கள் பார்த்ததே கிடையாது. உங்கள் வாப்பா அங்கிருந்து துணி வியாபாரத்துக்கு வந்தவர், உம்மா இந்த ஊர். ஆட்சி மாறியபோது மற்ற கடைக்காரர்கள் எல்லாம் பிரான்சுக்கும் காரைக்காலுக்கும் கிளம்பிப் போக, உங்கள் வாப்பா கடையை விட்டு எங்கே போவது என்று தங்கிவிட்டார். கடைதான் அவரை விட்டுப் போனது. இருபது வயதில் நீங்கள் ரேடியோ பிரிக்கக் கற்றுக்கொண்டீர்கள். "இருக்குது" என்பதை "ஈக்குது" என்பீர்கள். வாப்பா வாயிலிருந்து காதால் மட்டும் வாங்கிய தமிழ், ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. ஆளைக் கண்டால் "சவா?" என்பீர்கள். வாப்பா கடையில் வெள்ளைக்காரர்களிடம் கேட்டுப் பழகிய சௌக்கியமா அது.

உங்களைச் சங்கத்துக்கு இழுத்துவந்தது நான்தான். இந்தப் பழியை யார்மேலும் போட முடியாது.

சங்கம் என்றால் வேலைக்காக வந்த முப்பது குடும்பம். தீபாவளிக்குக் கூடுவோம், பொங்கலுக்குக் கூடுவோம், ஒரு ஓட்டல் மாடியில் மாதம் ஒருமுறை கூடி அடுத்த கூட்டம் எப்போது என்று முடிவு செய்வோம். ஒரு வருஷம் எல்லோருக்கும் சமூக சேவை செய்ய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. என் கம்பெனி ஜெனரல் மேனேஜர் சந்திரமௌலி சார், ஆபீசில் கம்ப்யூட்டர்களை மாற்றப்போகிறோம், பழையதில் பன்னிரண்டை ஏதாவது பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம் என்றார். எந்தப் பள்ளி என்று யாருக்கும் தெரியவில்லை. நான் உங்களிடம் கேட்டேன். நீங்கள் லான் டீச்சரிடம் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

அது பள்ளிக்கூடமே இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள், ஊர்ப் பதிவு இல்லாததால் அரசாங்கப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகள், அவர்களுக்காக லான் டீச்சர் ஒரு பழைய கிடங்கில் நடத்திய வகுப்பு. இரண்டு அறை. ஆற்று ஈரம் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தது. டீச்சர் உங்களிடம் ஏதோ கேட்டார். நீங்கள் எனக்குத் தமிழில் சொன்னீர்கள்: "உண்மையிலேயே குடுப்பாங்களா, போட்டோ புடிச்சிட்டுப் போயிருவாங்களான்னு கேக்குறா." எனக்குச் சுருக்கென்றது. கண்டிப்பாகக் கொடுப்போம் என்று சொல்லச் சொன்னேன்.

அன்றிலிருந்து வார்டு ஆபீசுக்கு, மாவட்ட ஆபீசுக்கு, மின்சாரக்காரனுக்கு எத்தனை கடிதம். நான் சங்கத்தின் செக்ரட்டரி. ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டு உங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்வேன். நீங்கள் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வியட்நாமியத்தில் எழுதுவீர்கள். என் வரிகளில் பாதியைத் தூக்கிப்போட்டுவிடுவீர்கள். "இம்புட்டுப் பெருமை பேசுனா அனுமதி தரமாட்டான். கொறச்சிச் சொல்லுங்க." நீங்கள் எழுதிய ஒரு கடிதமும் திரும்பி வந்ததில்லை.

நம்மவர்களுக்குக் கொடுக்க வரும், கொடுத்த பிறகு கையை எடுக்கத்தான் வராது. கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சம் வெளியே வராதபடி கொடுத்தவர் பெயரை எழுதிவைக்கிற ஜாதி நாம். கம்ப்யூட்டர் கம்பெனி கொடுத்தது, சரி. சங்கத்தில் பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, மேஜை, நாற்காலி, ஸ்டெபிலைசர் செலவை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்ட கையோடு சென்னையிலிருந்து பன்னிரண்டு பித்தளைத் தகடு பெட்டியில் வந்து இறங்கியது. "உபயம்" என்று மேலே, கீழே பெயர். தமிழில். தமிழ் தெரிந்த ஒரு பூனைகூட வராத கிடங்கில். நீங்கள்தான் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கினீர்கள். திறப்புவிழாவில் தலைவர் மனைவி ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தபோது நீங்கள் பின்னாலேயே துணியோடு போனீர்கள். "வைங்கம்மா, நல்லா வைங்க. காத்துப் போற ஓட்டைல மட்டும் வைக்காதீங்க."

பிள்ளைகள் தகட்டைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று உங்களைக் கேட்டார்கள். நீங்கள் என்னைக் கேட்டீர்கள். ஏழாம் நம்பரில் சந்திரமௌலி சாருடைய அப்பா பெயர், நாற்பது வருஷம் வாத்தியாராக இருந்தவர் என்றேன். நீங்கள் பிள்ளைகளிடம் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரிந்தது: ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு ஆள் இருக்கிறார், ஏழில் இருப்பவர் வாத்தியார், அதில் உட்கார்ந்தால் சேட்டை பண்ணக்கூடாது. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "சூ, சூ" என்று கத்துவார்கள். சித்தப்பா மாதிரி ஒரு முறை. உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து வேலைக்குப் போய்விட்ட காலம் அது. அந்தச் சத்தத்துக்காகவே நீங்கள் பத்து நிமிஷம் முன்னதாகப் போவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வருஷத்தில் ஈரம் வேலையைக் காட்டிவிட்டது. பன்னிரண்டில் ஐந்து படுத்துவிட்டன. லான் டீச்சர் அதே நேரத்தில் எங்கெங்கோ நடந்து, காகிதம் இல்லாத அந்தப் பிள்ளைகளில் எட்டுப் பேரை மாவட்டத்துக் கணினிப் பரீட்சைக்கு உட்காரவைக்க அனுமதி வாங்கியிருந்தார். அந்தச் சான்றிதழ் இருந்தால் துறைமுகக் கிடங்குகளில் எழுத்து வேலைக்கு எடுப்பார்கள், மூட்டை தூக்க வேண்டாம். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. உயிரோடிருந்த ஏழிலும் மூன்று நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும்.

நீங்கள் கூட்டத்துக்கு வந்து நின்றுகொண்டே சொன்னீர்கள். "அஞ்சு மய்யித்தாக் கெடக்குது. அஞ்சையும் பிரிச்சிச் சேத்தா ரெண்டு பொழைக்கும். ஓடுறதுக்கும் மாத்துச் சாமான் கெடைக்கும்." எவ்வளவு சாதாரணமான பேச்சு. தலைவர், "பேர் போட்ட பொருளைப் பிரிக்கலாமா? குடுத்தவங்க மனசு என்ன பாடுபடும்? கோயில்ல ஒருத்தர் குடுத்த குத்துவிளக்கை உடைச்சி இன்னொருத்தர் விளக்குக்கு ஒட்டுப் போடுவமா?" என்றார். ஒரு பெட்டியில் இரண்டு பேர் பெயரைப் போட்டுவிடலாம் என்றீர்கள். என் அம்மா பெயருக்குப் பக்கத்தில் இன்னொருவர் மாமனார் பெயரா என்று ஒரு அம்மாள் கேட்டார். புது உதிரிச் சாமான் வாங்குவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று முடிவானது. அடுத்த கூட்டம் நவராத்திரிக்காகத் தள்ளிப்போனது. நான் அதைக் குறிப்பேட்டில் எழுதினேன், அழகாக.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை. நான் சும்மா பார்க்க வந்தேன். நீங்கள் ஐந்து செத்த பெட்டிகளையும் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, திறக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள். "செய்யவா வேணாமா" என்று கேட்டீர்கள். நான் என்ன சொன்னேன் என்று எழுதிவிடுகிறேன், நானா. "செய்யுங்க. சங்கத்துல நான் பேசிக்கிறேன்" என்றேன். டார்ச் பிடித்தேன். ஏழாம் நம்பரைத் திறக்கும்போது தகட்டைக் கழற்றிக் கொடுத்தீர்கள், நான் கைக்குட்டையில் துடைத்து வைத்தேன். அதிலிருந்த எல்லாமே நல்ல சாமான், போர்டு மட்டும்தான் வெந்திருந்தது. மதியத்துக்குள் ரெண்டாம் நம்பரும் பத்தாம் நம்பரும் எழுந்துவிட்டன. லான் டீச்சர் எங்கள் இரண்டு பேருக்கும் ஐஸ் காபி வாங்கிவந்தார். காலிப் பெட்டிகளை மூடித் தகட்டை மறுபடி முடுக்கி அதனதன் இடத்தில் வைத்தோம். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

பேசிக்கிறேன் என்றேனே, பேசினேனா? ஒரு வாரம் சந்திரமௌலி சார் ஊரில் இல்லை. அடுத்த வாரம் அவருக்கு மூடு சரியில்லை. மூன்றாவது வாரம் அவருடைய அப்பா திதி.

திதியன்று அவர் கிடங்குக்குப் போவார் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? வீட்டில் காரியம் எல்லாம் முடித்துவிட்டு, குடும்பத்தோடு மஞ்சள் சாமந்தி மாலை ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். நீங்கள் அங்கே இருந்தீர்கள், பிள்ளைகள் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஏழாம் நம்பருக்கு மாலை போட்டார். போட்டோவுக்கு வெளிச்சம் பத்தவில்லை என்று பெட்டியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார். அது காலி அட்டைப்பெட்டி மாதிரி கையோடு வந்துவிட்டது. தூக்கிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். "என்னது, உள்ள ஒண்ணுமே இல்லையே" என்றார். அந்த மனிதர் அழுதுவிட்டார், நானா. அவரைத் திட்டி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், அந்த அழுகை நிஜமானது என்பதால் முடியவில்லை.

அடுத்த நாளே அவசரக் கூட்டம். நீங்கள் வந்தீர்கள், இஸ்திரி போட்ட சட்டையோடு. "நான்தான் எடுத்தேன். எடுத்தது எல்லாம் அந்த ரூம்லயேதான் ஈக்குது. ரெண்டுலயும் பத்துலயும் ஓடுது. போய்ப் பாருங்க" என்றீர்கள். ஒருவர், எது எதிலிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றார். இன்னொருவர், "இவருக்குப் பழைய சாமான் சந்தை நல்லாப் பழக்கம்தான?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். திருட்டு என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. நாகரிகமானவர்கள். தலைவர், "இதைப் பத்தி வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பார்த்திருந்தால் நான் எழுந்திருப்பேனா என்று எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டேன். இல்லை. அந்த மாதம் என் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம். கையெழுத்துப் போட வேண்டியவர் எனக்கு எதிரே மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையெழுத்து விழாவிட்டால் விசா போச்சு, மகள் படிப்பு நடுவில் நிற்கும், பெரம்பூருக்கு மூட்டை கட்ட வேண்டும். இவ்வளவையும் நான் ஒரு நிமிஷத்துக்குள் யோசித்து முடித்துவிட்டேன். எனக்கு அவ்வளவு வேகமாக வேறெதுவும் யோசிக்க வந்ததில்லை. பேனாவை எடுத்துக் குறிப்பேட்டில் தேதி எழுதினேன்.

உங்களை இனிமேல் கிடங்குக்கு அனுப்புவதில்லை என்று தீர்மானம். லான் டீச்சருக்கும் வார்டு ஆபீசுக்கும் கடிதம் போக வேண்டும். செக்ரட்டரி எழுத வேண்டும். வியட்நாமியத்தில் யார் எழுதுவது என்றேன். அதைக் கேட்டாலாவது கொஞ்சம் கூசுவார்கள் என்று நினைத்தேன். தலைவர், "அவரையே எழுதித் தரச் சொல்லுங்க. வெளிய குடுத்தா நம்ம விஷயம் ஊருக்கே தெரிஞ்சிடும்" என்றார்.

அந்தக் கேவலத்தையும் செய்தேன். இரண்டாம் நாளே காகிதத்தை எடுத்துக்கொண்டு உங்கள் கடைக்கு வந்தேன். அதே ஸ்டூல். நீங்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "சொல்லுங்க" என்றீர்கள். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். சங்கத்தின் அனுமதியின்றிப் பொருட்களை அப்புறப்படுத்திய காரணத்தால். நம்பிக்கைக்குப் பாத்திரமாக நடந்துகொள்ளாத காரணத்தால். நீங்கள் ஒரு வரியையும் தூக்கிப்போடவில்லை. ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி, "இத இப்புடி எழுதுனா வார்டுல போலீசக் கூப்புடுவான், டீச்சருக்குத்தான் தொல்லை. 'இனி வரமாட்டார்'னு போட்டுக்கவா?" என்று என்னிடம் அனுமதி கேட்டீர்கள். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். எழுதி முடித்து, மை காய ஊதி, மடித்துக் கொடுத்தீர்கள்.

நான் எழுந்தபோது சொன்னீர்கள்: "உங்க பேர நான் சொல்லல. நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன்.

கடிதத்தை அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். லான் டீச்சர் படித்தார், உங்கள் கையெழுத்து என்று தெரிந்துகொண்டார், என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், அவர்தானே காபி வாங்கிவந்தவர். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. ஒழுங்காக ஓடின பெட்டிகளும் ஒவ்வொன்றாக நிற்க ஆரம்பித்தன, துடைத்து எழுப்ப ஆள் இல்லை. எட்டுப் பேரும் எழுதினார்கள், இரண்டு பேர் தேறினார்கள். அடுத்த வருஷம் அந்த அறையில் அரிசி மூட்டை அடுக்கினார்கள். தகடுகளை மட்டும் தலைவர் ஆளனுப்பிக் கழற்றி வாங்கிக்கொண்டார். உரியவர்களிடம் பத்திரமாக ஒப்படைத்தோம் என்று நான்தான் குறிப்பேட்டில் எழுதினேன்.

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் மூன்று தடவை புதுப்பிக்கப்பட்டது.

ஒன்பது வருஷம். கான் ஹொய் பாலத்தில் ஏறாமல் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன். ஒரே ஒரு தடவை சிக்னலில் என் பக்கத்தில் உங்கள் வண்டி வந்து நின்றது. பின்னால் ஒரு பழைய டிவியைக் கட்டியிருந்தீர்கள். மெலிந்திருந்தீர்கள். "சவா?" என்றீர்கள், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. நான் தலையாட்டினேன். பச்சை விழுந்தது. நீங்கள்தான் முதலில் கிளம்பினீர்கள்.

போன மாதக் கூட்டத்தில் உங்களுக்கு இரங்கல் தீர்மானம் போட்டார்கள். சங்கம் இப்போது பெரிதாகிவிட்டது, பாதிப் பேருக்கு உங்களை யாரென்றே தெரியாது. தலைவர் அதே தலைவர். "நம்ம நானா ஆரம்ப காலத்துல ரொம்ப ஒத்தாசையா இருந்தவர். அவர் பேர்ல ஏதாவது ஒரு ஸ்கூலுக்கு நாலு டேப்லட் வாங்கிக் குடுத்து, உபயம்னு போட்டுடலாம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எழுந்தேன். சந்திரமௌலி சார் ஓய்வு பெற்றுச் சென்னைக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது, எனக்கு யாரிடமும் பயமில்லை. அந்த வீரம் எத்தனை காசு பெறும் என்று நீங்களே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையையும் டார்ச்சையும் ரெண்டாம் நம்பர் பத்தாம் நம்பரையும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எதையும் திருடவில்லை, நான் செய்யுங்கள் என்று சொல்லித்தான் செய்தார் என்றேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும் சார்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அப்பவே தெரியும். மௌலி சார் மனசு கேக்காம அந்த வாரக் கடைசியில மறுபடி அங்க போனார். டீச்சர் ஒவ்வொரு பெட்டியாத் தொறந்து காட்டியிருக்காங்க. செக்ரட்டரியும் கூட இருந்தார்னும் சொல்லியிருக்காங்க. சார் வந்து என்கிட்ட, 'அவசரப்பட்டுட்டோம்யா. செக்ரட்டரி எழுந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் வாபஸ் வாங்கிக்கிறேன்'னார். ஆனா நீங்க அதுக்குள்ள லெட்டரைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துட்டீங்க. அடுத்த கூட்டத்துலயும் வாயத் தொறக்கல. கூட இருந்த உங்களுக்கே வேணாம்னா, நாங்க எதுக்கு சார் தலையக் குடுக்கணும்?"

அவர்கள் செய்ததற்கு அவர்கள் பதில் சொல்லட்டும். தெரிந்தும் ஒன்பது வருஷம் உங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லாதவர்களை நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் நான் பேசியிருந்தால் வேலை போயிருக்கும், உங்களுக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது என்று நினைத்துத்தான் இத்தனை நாள் சோறு இறங்கியது. வேலையும் போயிருக்காது. நீங்களும் சனிக்கிழமை போய்ச் செருப்பைக் கழற்றியிருப்பீர்கள். சந்திரமௌலி சார் எனக்காகக் காத்திருந்திருக்கிறார். எல்லோரும் எனக்காகத்தான் காத்திருந்திருக்கிறார்கள். செக்ரட்டரி பதவியை அன்றே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் பாலத்தில் ஏறி உங்கள் வீட்டுக்குப் போனேன். கடை மூடியிருந்தது. மாடியில் உங்கள் மனைவி. எனக்கு இப்போது வியட்நாமியம் ஓரளவு வரும். அவரிடம் முழுவதையும் சொல்லிவிட வேண்டும், காலில் விழவேண்டுமானாலும் விழலாம் என்று வழியெல்லாம் வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே போனேன். உங்கள் பெயரை உங்கள் வீட்டிலாவது துடைத்துவைக்க வேண்டும்.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பனிக்கட்டி போட்டுத் தேநீர் வைத்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன் அவரே ஆரம்பித்தார். "அவர் பிடிவாதக்காரர். நீங்கள் மனதில் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது" என்றார். எதைச் சொல்கிறார் என்று கேட்டேன். "அந்தப் பிள்ளைகளின் வகுப்பைத்தான். கண் சரியாகத் தெரியவில்லை, போதும் என்று திடீரென்று நின்றுவிட்டார். நீங்கள் எல்லோரும் கடைக்கு வந்து அவ்வளவு கெஞ்சினீர்களாம், கேட்கவே மாட்டேன் என்றுவிட்டேன் என்று அவரே சொன்னார். நல்ல மனிதர்கள், அவர்கள் பேச்சைத் தட்டிவிட்டேனே என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்காக நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு கையையும் சேர்த்துத் தலையைக் குனிந்தார், நானா. உங்கள் மனைவி. என்னிடம்.

அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. உங்களைத் திருடன் என்று நினைத்த கூட்டம் ஒன்று இந்த ஊரில் இருந்தது என்பதே தெரியாது. நீங்கள் திருடவில்லை என்று சொல்ல வேண்டுமானால், உங்களைத் திருடன் என்று நினைத்தோம் என்பதை நான்தான் அந்த வீட்டுக்குள் முதலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவர் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம், ரொம்பக் கெஞ்சினோம். வரவே மாட்டேன் என்றுவிட்டார்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. அடிக்கடி வரச் சொன்னார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போகும்போதெல்லாம் அதையே சொல்ல வேண்டும்.